முதல் ரைஃபிளுக்கு பாலிமர் லோயரா, அலுமினியம் லோயரா?

டெக்சஸில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். கிரீன் கார்டு வந்தாயிற்று. ஏஆர்-15 வகை ரைஃபிள் ஒன்றை உதிரி பாகங்களாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து தானே பூட்டப் போகிறார். அப்பர் என்ற மேல்பாதி, பேரல் என்ற குழல் எல்லாம் முடிவாகிவிட்டது. ட்ரிக்கர் உட்காரும் கீழ்ப்பாதியான லோயர் ரிசீவரில் வந்து நிற்கிறார். கடையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று கண்ணாடி இழை கலந்த பாலிமர், இன்னொன்று 7075 என்ற ரக அலுமினியம். விலையில் 15, 20 டாலர்தான் வித்தியாசம். கூட வேலை பார்ப்பவர் "பிளாஸ்டிக் உடையும், கிட்டவே போகாதே" என்கிறாராம். கடைக்காரரோ "க்ளாக் பிஸ்டலும் பிளாஸ்டிக்தான், 40 வருஷமா சுடுறாங்க, என்ன ஆச்சு?" என்கிறாராம். வார இறுதியில் ரேஞ்சில் சுடுவதும், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவதும்தான் உபயோகம். எதை வாங்குவது?

அலுமினியத்தையே வாங்குங்கள். அவசரமாக இருப்பவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் உங்கள் நண்பர் சொன்ன காரணமும் சரியில்லை, கடைக்காரர் சொன்ன உதாரணமும் பொருந்தவில்லை. நான் 18 வருடமாக இன்ஜெக்‌ஷன் மோல்டிங் தொழிலில் இருப்பவன். பிளாஸ்டிக்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் அதைப் பற்றி யாராவது பொத்தாம்பொதுவாகத் திட்டினால் கொஞ்சம் கோபம் வரும். யாராவது பொத்தாம்பொதுவாகப் புகழ்ந்தால் அதைவிடக் கோபம் வரும்.

முதலில் சட்டத்தை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவோம். அமெரிக்கச் சட்டப்படி இந்த ரைஃபிளில் 'துப்பாக்கி' என்பது லோயர் ரிசீவர் மட்டும்தான். வரிசை எண் பொறிக்கப்பட்டிருப்பதும் அதில்தான். பேரல், போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் எஃகுத் துண்டு), அப்பர் எல்லாம் தபாலில் வீட்டுக்கு வரும். லோயர் மட்டும் உரிமம் பெற்ற கடை வழியாக, 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்துதான் கைக்கு வரும். வெறும் லோயராக வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். கிரீன் கார்டுக்காரர் வாங்கலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை ஒரு வக்கீலிடம் கேட்காமல் செய்யாதீர்கள். கிரீன் கார்டு கனவு அந்த ஒரு படிவத்தோடு முடிந்துவிடும். கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் இந்த வகை ரைஃபிளுக்கே கடுமையான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. டெக்சஸிலிருந்து வேலை மாறி அங்கே போகும் யோசனை இருந்தால் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைகுறையாக வார்த்து வரும், வாங்கியவரே துளைத்து முடிக்க வேண்டிய '80 சதவீதம்' லோயர்களையும் சிலர் பாலிமர் என்றாலே நினைத்துக்கொள்கிறார்கள். நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. 2022 ஆகஸ்டில் அமலுக்கு வந்த விதி அவற்றில் பலவற்றைத் துப்பாக்கி என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் 7-2 என்று அந்த விதியை ஏற்றுக்கொண்டது. முழுமையாக முடிந்த, எண் பொறித்த லோயர் 60, 70 டாலருக்குக் கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு?

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பதே குற்றம், வீட்டில் பூட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவில் சுடப் பழகியவர்கள் ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையையே சென்னைப் பயணத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மடிப்பில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா போதும், விமான நிலையத்தில் வழக்காகிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்த ரைஃபிளில் லோயர் என்னதான் வேலை செய்கிறது? பலரும் தோட்டா வெடிக்கும் அழுத்தத்தை அதுதான் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். இந்த ரைஃபிள் சுடும் .223 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. அதைப் பிளாஸ்டிக் தாங்குமா என்று கேட்டால் தாங்காதுதான். ஆனால் அந்த அழுத்தம் லோயர் பக்கமே வருவதில்லை. போல்ட்டின் தலையில் உள்ள எஃகுப் பற்கள், பேரலின் பின்முனையில் திருகியிருக்கும் எஃகுத் துண்டுக்குள் நுழைந்து, திரும்பிப் பூட்டிக்கொள்கின்றன. எஃகை எஃகு பிடித்துக்கொள்கிறது. யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட்டில் இதை வரைந்தபோது, சுமை முழுவதையும் அந்த ஒரு மூட்டுக்குள் அடைத்துவிட்டார். அதனால்தான் மற்ற உடம்பை அலுமினியத்தில் செய்ய முடிந்தது. ஆர்மலைட் ஒரு விமானக் கம்பெனியின் கிளை, அலுமினியம் அவர்களுக்குக் கைப்பழக்கம்.

ஆக, லோயர் ஒரு கூடு. தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ட்ரிக்கரும் ஹாமரும் சுழலும் இரண்டு பின்களைத் தாங்க வேண்டும், கைப்பிடி மாட்ட இடம் தர வேண்டும், பின்னால் பஃபர் டியூபை, அதாவது பின்னே ஓடிவரும் போல்ட்டைத் தடுத்து முன்னே தள்ளும் ஸ்பிரிங் இருக்கும் குழாயை, பிடித்துக்கொள்ள வேண்டும். குறி தப்புவதற்கும் லோயருக்கும்கூடப் பெரிய சம்பந்தம் கிடையாது. பேரலும் ஸ்கோப்பும் இரண்டுமே அப்பரில் உட்கார்ந்திருக்கின்றன. அப்பருக்கும் லோயருக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருந்தால் எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். இதைக் கேட்டால் பாலிமரே போதும் என்றுதான் தோன்றும். முக்கால்வாசி இடத்தில் போதும்தான். கைப்பிடிக்கும் மேகசினுக்கும் நைலான் தாராளம்.

பிரச்சினை ஒரே ஒரு இடத்தில். லோயரின் பின்பக்கம், மேலே ஒரு வளையம் எழுந்து நிற்கும். உள்ளே மரை வெட்டியிருக்கும். பஃபர் டியூப் அதில்தான் திருகி நிற்கிறது. டியூபின் மேல் ஸ்டாக் என்ற பின்கட்டை, அது உங்கள் தோளில். ரைஃபிளின் முன்பாதிக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் ஒரே இணைப்பு அந்த மெல்லிய வளையமும் அதன் அடியில் இருக்கும் கழுத்தும்தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் போல்ட் கேரியர் பின்னால் ஓடி அந்த டியூபுக்குள் போய் வருகிறது. அது பெரிய சுமை இல்லை. ரைஃபிள் கைதவறி ஸ்டாக் தரையில் மோதும்போதும், ஸ்டாக்கைப் பிடித்து யாராவது நெம்பும்போதும்தான் அந்தக் கழுத்தில் முழு வளைவுவிசையும் வந்து உட்காரும்.

இப்போது எண்களைப் பாருங்கள். 7075-டி6 அலுமினியம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் வலிமை சுமார் 500 மெகாபாஸ்கல். 30 சதவீதம் கண்ணாடி இழை போட்ட நைலான் 66, அச்சிலிருந்து வெளியே வந்த கையோடு சோதித்தால் 180, 190 காட்டும். விற்பனைத் தாளில் போடுவது இந்த எண்ணைத்தான். ஆனால் நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். சில மாதம் அலமாரியில் இருந்துவிட்டு வந்தால் அதே துண்டு 120 பக்கம் இறங்கிவிடும். விறைப்புத்தன்மையில் இடைவெளி இன்னும் பெரியது. அலுமினியம் 70 கிகாபாஸ்கலுக்குச் சற்று மேல், ஈரம் ஏறிய நைலான் 7 பக்கம். பத்தில் ஒரு பங்கு.

ஆனால் இந்த எண்களை வைத்து மட்டும் பிளாஸ்டிக் மட்டம் என்று சொல்பவர் பொறியாளர் இல்லை. நம் வீடுகளில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்தில் 100 கிலோ மாமா ஒருவர் பின்னங்கால் இரண்டில் சாய்ந்து ஆடிக்கொண்டே பந்திக்குக் காத்திருப்பார். நாற்காலி வளையும், உடையாது. அது எப்படி? திருப்பிப் போட்டுப் பாருங்கள். கால்கள் உருண்டையாக இல்லை, மூலை மடிந்த தகடாக இருக்கும். உட்காரும் இடத்தின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக விலா எலும்பு மாதிரி ஓடும். காலும் இருக்கையும் சேரும் இடம் வளைந்து, பரந்து, அகலமாகச் சேரும். பிளாஸ்டிக்குக்கு என்ன முடியாது என்று தெரிந்தவன் வரைந்த உருவம் அது. அதே பிளாஸ்டிக்கை எடுத்து, தேக்கு நாற்காலியின் அச்சில் ஊற்றி, அதே பருமனில் கால்களை வார்த்திருந்தால் முதல் பந்திக்கே மாமா தரையில் இருப்பார்.

கடையில் இருக்கும் பெரும்பாலான பாலிமர் லோயர்கள் இந்த இரண்டாவது வகை. தேக்கு நாற்காலியைப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. அவர்கள்மேல் முழுக் குற்றமும் இல்லை. பின் துளைகள், மேகசின் நுழையும் வாய், கைப்பிடி மாட்டும் இடம், பஃபர் டியூப் மரை எல்லாமே பொதுவான அளவில் இருந்தால்தான் மற்ற எல்லாக் கம்பெனி உதிரிகளும் அதில் பொருந்தும். வெளி உருவத்தை ஸ்டோனர் அலுமினியத்துக்காகப் பூட்டி வைத்துவிட்டார். பொருள் மட்டும் மாறுகிறது. பத்தில் ஒரு பங்கு விறைப்பு உள்ள பொருளில் அதே வளைவெதிர்ப்பு வேண்டுமானால் சுவர் 2 மடங்குக்குச் சற்று மேல் தடிக்க வேண்டும். வளையத்தைச் சுற்றி அதற்கு இடமில்லை. கொஞ்சம் தடிக்க வைக்கிறார்கள், சிலர் உள்ளே உலோகத் துண்டு வைத்து வார்க்கிறார்கள். உலோகம் வைத்தது நிச்சயமாக மேல், ஆனாலும் அது ஒட்டுப்போட்ட வேலைதான்.

இதில் வெளியே தெரியாத இன்னொரு சங்கதி இருக்கிறது. அச்சுக்குள் உருகிய நைலான் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடும். நடுவில் துளை வர வேண்டிய இடத்தில் ஒரு எஃகு முளை நிற்கும். நைலான் அதன் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி, மறுபக்கம் சந்திக்கும். சந்திக்கிற இடத்தில் இரண்டு ஓட்டங்களும் ஒன்றையொன்று முட்டி நிற்குமே தவிர, ஒன்றுக்குள் ஒன்று கலக்காது. கண்ணாடி இழைகள் அந்தக் கோட்டைத் தாண்டாது, கோட்டின் போக்கிலேயே படுத்துக்கொள்ளும். தொழிலில் இதை வெல்டு லைன் என்போம். இழை போட்ட நைலானில் அந்தக் கோட்டில் வலிமை கிட்டத்தட்ட பாதிக்கு இறங்குவது சாதாரணம். எந்தத் துளைக்குப் பின்னாலும் இது ஒன்று இருக்கும், தவிர்க்க முடியாது. அதைச் சுமை வராத பக்கம் தள்ளிவிடுவதுதான் அச்சுக்காரனின் கெட்டிக்காரத்தனம். லோயரிலேயே பெரிய முளை எது? பஃபர் டியூப் மரைக்கான முளை. முழு வளையமும் அதைச் சுற்றித்தான் ஓடி வந்து சேருகிறது. அந்தக் கோடு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று கடையில் நின்று உங்களால் சொல்ல முடியாது. கறுப்பு நிறத்தில் என்னாலும் பெரும்பாலும் முடியாது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்பு ஒரு ரேஞ்சில், எனக்கு இரண்டு மேசை தள்ளி ஒரு பையன். தோட்டாக் கூடு அறைக்குள் சிக்கிக்கொண்டது. போல்ட்டைப் பின்னால் இழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலை இழுத்தால் வரவில்லை. இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, ஒரு கையால் சார்ஜிங் ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டே, ஸ்டாக்கின் அடியைத் தரையிலோ மேசையிலோ ஓங்கித் தட்டுவது. மோர்ட்டாரிங் என்பார்கள். நல்ல அலுமினியம் லோயர் இதை முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும். பையன் கான்கிரீட் தரையில் இரண்டு தட்டு தட்டினான். இரண்டாவது தட்டில் சத்தமே வித்தியாசமாக வந்தது, காய்ந்த முருங்கைக் கிளை முறிவது மாதிரி. ஸ்டாக்கும் டியூபும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன, உள்ளே ஸ்பிரிங் தெரிந்தது. அப்பரையும் லோயரையும் சேர்த்துப் பிடிக்கும் பின்பக்க டேக்டவுன் பின்னுக்குச் சற்றுப் பின்னால், கழுத்தில், நேர்கோட்டில் முறிவு. ரேஞ்ச் ஆபீசர் எல்லோரையும் நிறுத்தச் சொல்லி, சிக்கியிருந்த கூட்டைப் பத்திரமாக எடுத்த பிறகு, அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதி, இழைகள் பிய்ந்து சொரசொரப்பாக, முள்முள்ளாக இருந்தது. மீதிப் பாதி மொழுமொழுவென்று, சாக்லேட்டை உடைத்த மாதிரி. மொழுமொழு பக்கம்தான் வெல்டு லைன். அந்த ரைஃபிள் அதுவரை 1,000 தடவைக்கு மேல் சுட்டதாம், ஒரு குறையும் இல்லையாம். பையன் பொய் சொல்லவில்லை, சுடுவதற்கு அது போதுமானதாகவே இருந்தது. தட்டியதற்குத்தான் போதவில்லை.

இப்போது கடைக்காரரின் க்ளாக்குக்கு வருகிறேன். 1982இல் ஆஸ்திரிய ராணுவத்துக்குப் போன அந்தப் பிஸ்டல் முதல் கோட்டிலிருந்தே பிளாஸ்டிக்குக்காக வரையப்பட்டது. ஸ்லைடு ஓடும் தண்டவாளம் எஃகு, பிளாஸ்டிக்குக்குள் பதித்து வைத்தது. மெல்லிய கழுத்தில் பெரிய நெம்புகோல் தொங்கும் இடமே அதில் கிடையாது. அதற்கும் முன்னால் 1959இல் ரெமிங்டன் 'நைலான் 66' என்று ஒரு .22 ரைஃபிள் கொண்டுவந்தது. பெயரே டூபாண்டின் நைலானிலிருந்துதான். ஸ்டாக்கும் ரிசீவரும் ஒரே நைலான் உடம்பு. டாம் ஃப்ரை என்ற ரெமிங்டன் கம்பெனியின் ஆள், ஆகாயத்தில் வீசப்பட்ட 1,00,010 மரக்கட்டைகளை அதைக் கொண்டு சுட்டு, ஆறே ஆறைத்தான் தவறவிட்டார். பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஏயூஜி ராணுவ ரைஃபிளும் அதே கதை, 1970களின் கடைசியிலிருந்து பிளாஸ்டிக் உடம்போடு பல ராணுவங்களில் ஓடுகிறது. எல்லாமே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றுகூடத் தேக்கின் அச்சில் வார்த்ததில்லை.

ஏஆர் உலகத்திலும் அப்படி ஒன்று உண்டு. அரிசோனாவில் கேவல்ரி ஆர்ம்ஸ் என்ற கம்பெனி சிஏவி-15 என்று ஒரு லோயர் செய்தது. லோயர், கைப்பிடி, ஸ்டாக் மூன்றும் ஒரே உடம்பு. இடது வலது என்று இரண்டு பாதிகளாக வார்த்து, அதிர்வில் உருக்கி ஒட்டினார்கள். இப்போது அதே பாணியில் கேஈ ஆர்ம்ஸின் கேபி-15 கிடைக்கிறது. அதில் திருகு வளையமே கிடையாது. பஃபர் ஓடும் குழி ஸ்டாக்குக்குள்ளேயே இருக்கிறது, கழுத்து என்று சொல்ல ஒரு கழுத்தும் இல்லை, கைப்பிடியிலிருந்து தோள்வரை விசை பரந்து போகிறது. பாலிமர்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் இந்த வகையை வாங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். இதற்கும் ஒரு விலை உண்டு: ஸ்டாக்கை நீட்டவோ குறுக்கவோ முடியாது, கைப்பிடி பிடிக்கவில்லை என்றால் மாற்ற முடியாது. வீட்டில் மனைவியும் பிள்ளையும் சுடுவார்கள் என்றால் நீளம் மாற்றும் ஸ்டாக் வசதி. அதற்கு அலுமினியம்.

எடை மிச்சம் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு? வெறும் அலுமினியம் லோயர் 240, 250 கிராம் இருக்கும். பாலிமர் 140 பக்கம். மிச்சம் 100 கிராமுக்குச் சற்று மேல். ஒரு .223 தோட்டா சுமார் 12 கிராம். ஆக நீங்கள் மிச்சம் பிடித்தது ஒன்பது தோட்டா எடை. 3 கிலோ ரைஃபிளில் அதைக் கை உணராது. எடை குறைக்க வேண்டுமானால் மெல்லிய பேரல் வாங்குங்கள், கால் கிலோவுக்கு மேலேயே இறங்கும், அதுவும் முன்பக்கத்தில், கை வலிக்கிற இடத்தில்.

விலை மிச்சமும் பெரும்பாலும் பிரமை. அலுமினியம் லோயரை அடித்து உருவாக்கும் (ஃபோர்ஜிங்) பட்டறைகள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அங்கிருந்துதான் பல பெயர்களுக்கும் போகிறது. கடைந்து, துளைத்து, பூச்சு கொடுத்து, அவரவர் சின்னம் பொறித்துக்கொள்கிறார்கள். அத்தனை எண்ணிக்கையில் ஓடுவதால் விலை தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. பாலிமருக்கு அச்சு செய்யும் செலவு முதலிலேயே பெரியது, அதைப் பல ஆயிரம் துண்டுகளில் பரப்பினால்தான் கட்டும். மலிவு என்ற பெயரில் விற்கப்படும் பொருள் உண்மையில் அலுமினியத்தைவிடப் பெரிதாக மலிவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

சூடு, குளிர் பற்றியும் பயமுறுத்துவார்கள். நைலான் 66 உருக 260 டிகிரி செல்சியஸ் வேண்டும். சூடு ஏறுவது பேரலிலும் அதை ஒட்டிய பாகங்களிலும்தான், லோயர் அந்தப் பக்கமே போகாது. ஜூலை மாத டெக்சஸ் வெயிலில் மேசையில் கிடந்த கறுப்பு அலுமினியத்தைத் தொட்டால் இட்லிப் பானை மூடியைத் தொட்ட மாதிரி இருக்கும். அந்த விஷயத்தில் பாலிமர் சொகுசு. குளிர் வேறு கதை. எலும்பு உறையும் குளிரில், காற்றும் வறண்டிருந்தால், நைலான் வளைந்துகொடுக்கும் குணத்தை இழக்கும். மினசோட்டாவில் இருப்பவர் யோசிக்க வேண்டியது அது, உங்களுக்குப் பெரிதாக இல்லை.

"பிளாஸ்டிக் துப்பாக்கி விமான நிலைய மெஷினில் தெரியாது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். பேரலும் போல்ட்டும் ஸ்பிரிங்குகளும் எஃகு, நன்றாகவே தெரியும்.

அலுமினியத்துக்கு வக்காலத்து வாங்கிவிட்டு அதன் சொந்தப் பலவீனத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. என் முதல் லோயரை நான் உடைத்தது எப்படி என்று சொல்கிறேன். ட்ரிக்கரைச் சுற்றிக் காப்பாக நிற்கும் வளைவான ட்ரிக்கர் கார்டின் பின்முனை, லோயரின் அடியில் இருக்கும் இரண்டு சின்னக் காதுகளுக்கு நடுவே உட்காரும். குறுக்கே ஒரு ரோல் பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். காதுகள் மெலிசு. கீழே முட்டு எதுவும் கொடுக்காமல் மேசையில் அப்படியே படுக்க வைத்து நான் தட்டினேன். மூன்றாவது தட்டில் கீழ்க்காது டக்கென்று போய்விட்டது. 7075 நல்ல வலிமை, ஆனால் அந்த மாதிரி இடத்தில் வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, நேரே முறியும். புதுத் துப்பாக்கியின் முதல் நாள், இரவு 11 மணி, கையில் ஒரு காது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: காதின் அடியில் மரக்கட்டை முட்டு வையுங்கள், அல்லது ரோல் பின்னே வேண்டாம் என்று திருகாணியில் நிற்கும் ட்ரிக்கர் கார்டு வாங்கிவிடுங்கள். பாலிமர் லோயர்களில் பெரும்பாலும் ட்ரிக்கர் கார்டும் உடம்போடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும், உடைக்கக் காதே இருக்காது. இந்த ஒரு இடத்தில் பிளாஸ்டிக் ஜெயிக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

அலுமினியத்திலேயே எது என்று அடுத்துக் கேட்பீர்கள். அடித்து உருவாக்கிய 7075-டி6, மேலே கடின அனோடைசிங் பூச்சு. அதுதான் ராணுவ ரைஃபிளின் வழி, விலையும் குறைவு. முழுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பில்லெட் லோயர்கள் பார்க்க அழகு, விலை இரண்டு மூன்று மடங்கு, சுடுவதில் வித்தியாசம் இல்லை. 6061 அலுமினியம் என்று எழுதியிருந்தால் பதறாதீர்கள். அதன் வலிமை 7075இல் பாதியைவிடச் சற்று மேல்தான், ஆனால் அமெரிக்க ராணுவத்தின் ஆரம்பகால எம்16 ரைஃபிள்களே 6061இல் செய்தவைதான், பின்னால்தான் 7075க்கு மாறினார்கள். கூடவே ஒரு தகவல்: 7075 குடும்பத்தின் மூதாதை 1930களில் ஜப்பானில் பிறந்தது, ஜீரோ போர் விமானத்தின் சிறகுக்குள் இருந்தது. உங்கள் பன்றி வேட்டைக்கு அது தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, எனக்குப் பிடித்த கதை என்பதால் சொன்னேன்.

யாராவது ஏற்கெனவே சாதாரண பாலிமர் லோயர் வாங்கி வைத்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். .22 மாற்று போல்ட் போட்டுப் பிள்ளைகளுக்குச் சுடப் பழக்கிக்கொடுக்க அருமையான பொருள், அதில் உதைப்பே கிடையாது. .223இலும் நிதானமாகச் சுடலாம். செய்யக் கூடாததைச் சொல்கிறேன். மோர்ட்டாரிங் கூடாது, கூடு சிக்கினால் துப்பாக்கி தெரிந்தவரிடம் கொடுங்கள். பஃபர் டியூபை லோயரோடு இறுக்கும் கேஸில் நட்டை அலுமினியத்துக்குச் சொல்லும் 40 அடி-பவுண்டு கணக்கில் முறுக்காதீர்கள், தயாரிப்பாளர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள். அடியில் திருகாணி வைத்து லோயரின் தரையை அழுத்தி நிற்கும் ட்ரிக்கர் பெட்டிகளைப் போடாதீர்கள். நைலான் தொடர்ந்த அழுத்தத்தில் மெதுவாக ஊர்ந்து விலகும், ஆறு மாதத்தில் ட்ரிக்கர் ஆடத் தொடங்கும். .458 மாதிரி பெரிய தோட்டாக்கள் வேண்டவே வேண்டாம். 9 மில்லிமீட்டரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். பிஸ்டல் தோட்டாதானே, மென்மையாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த வகையில் போல்ட் பூட்டிக்கொள்வதில்லை, வெறும் எடையால்தான் தடுத்து நிற்கிறது. அந்தக் கனத்த போல்ட் பின்னால் வந்து அடிக்கும் அடி .223ஐவிட முரடு.

கவுண்டரில் என்ன பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். மரை வளையத்துக்குள் விரலை விட்டுச் சுற்றுங்கள், பிசிறு தட்டக் கூடாது. கடையில் மேகசின் ஒன்று வாங்கி நுழைத்துப் பாருங்கள், தன் எடையில் தானே விழ வேண்டும். ட்ரிக்கர், ஹாமர் பின் துளைகள் இரண்டு பக்கமும் வட்டமாக, பூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு படிவத்தில் கடைக்காரர் எழுதியிருக்கும் வரிசை எண்ணை லோயரில் பொறித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள், சுழியமும் ஓ எழுத்தும் மாறிப்போவது சாதாரணமாக நடக்கும். துப்பாக்கி வகை என்ற இடத்தில் 'லாங் கன்' என்று இல்லாமல் 'மற்றவை' என்று குறித்திருக்க வேண்டும், வெறும் லோயர் இன்னும் ரைஃபிள் ஆகவில்லை. இதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால். கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிட்டால் அது பழைய துப்பாக்கி கணக்கு, பெரும்பாலான கடைகள் திருப்பி எடுப்பதில்லை.